தெரியாது என்பது எதுவரை?



குடிநீரைச் சோதிக்கும் நுண்ணுயிர் ஆய்வாளர் முதலில் காலராக் கிருமியைத் தேடுவதில்லை; நம் குடலில் வாழும் ஈ.கோலியைத் தேடுகிறார். அது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் நீரில் மலம் கலந்ததற்குச் சாட்சி. 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட அகப்படலாகாது.

உங்கள் கழிவுநீர்த் தொட்டி கசிந்து, அடுத்த வீட்டுக் கிணற்றில் அந்தச் சாட்சி அகப்பட்டால்? "எனக்குத் தெரியாதே" என்பீர்கள். 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாக் குளமொன்றின் நீரில் காலராக் கிருமியைக் கண்டார். அதுவரை அங்கே துணி துவைத்தவர்கள் அறியார். அவர்களைக் குற்றம் சொல்லேன். முகப்பேரிலிருக்கும் நமக்கோ கிண்டி கிங் நிலையம் தொலைவில்லை. கேட்க வழியிருந்தும், தொட்டியைச் செப்பனிடச் செலவாகுமே என்று கேளாதிருப்பதை அறியாமை என நான் ஒப்பமாட்டேன். நீரெடுக்கும் புட்டி கிருமி நீக்கியதாயிருக்கட்டும். எடுத்த அன்றே சேர்த்துவிடுங்கள்.