விடைகொடுத்த பின்னும் தொடரும் கடமை

கல்வியை முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் வழங்கும் அறிவுரை தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில் இடம்பெற்றுள்ளது. குருகுலத்தை விட்டுச் செல்பவன் இனி எவ்வாறு வாழ வேண்டும் என்பது அதில் தெளிவாகக் கூறப்படுகிறது. அவனை அனுப்பிவைத்த ஆசிரியர் அதன்பின் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கேள்வி அங்கே எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. படிப்பை நிறைவு செய்து, தன் வாழ்வைத் தானே அமைத்துக்கொள்ளும் வயதை அடைந்த ஒருவனே அங்கு விடைபெறுகிறான்.

ஆனால் படிப்பு நிறைவடையும் முன்பே, தன் வாழ்வு பற்றிய முடிவு தன் கையில் இல்லாத நிலையில், ஒரு சிறுமி விடைபெறும்போது இந்தக் கேள்வி எழுந்தே தீரும். நம் நாட்டுப் பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளிகளின் வாயிலில் ஒவ்வொரு கல்வியாண்டின் இறுதியிலும் அது எழுகிறது. அனுப்பிவைத்ததோடு கடமை முடிந்துவிடுகிறதா? அதற்கு மேலும் கவலைப்படுவது பற்றா? கவலைப்படாதிருப்பது பற்றின்மையா?

ஆண்டிறுதி நாட்கள்

2004-ஆம் ஆண்டில் மத்திய அரசு ‘கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கல்வியில் பின்தங்கிய வட்டாரங்களில், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குடும்பங்களையும் வறுமைக்கோட்டிற்குக் கீழ் வாழும் குடும்பங்களையும் சேர்ந்த சிறுமியர் தங்கிப் படிப்பதற்காக ஏற்பட்ட பள்ளிகள் இவை. தொடக்கத்தில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மட்டுமே இருந்தன. 2018-ல் சமக்ர சிக்ஷா திட்டம் வந்தபின் பல இடங்களில் 12-ஆம் வகுப்பு வரை விரிவடைந்தன. இன்று நாடெங்கும் 5,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது.

ராஜஸ்தானத்தில் இத்தகைய ஒரு பள்ளியின் ஆண்டிறுதியை மனக்கண்ணால் காண்போம். தேர்வுகள் முடிந்துவிட்டன. போர்வைகள் துவைக்கப்பட்டு வெயிலில் உலர்கின்றன. மெத்தைகள் சுருட்டிக் கட்டப்படுகின்றன. தகரப் பெட்டிகளில் துணிகள் அடுக்கப்படுகின்றன. மேல் வகுப்பிற்காக வேறு ஊர் செல்லும் மாணவி, தன் சீப்பையும் பென்சில் பெட்டியையும் பக்கத்துக் கட்டில் சிறுமிக்குக் கொடுத்துவிடுகிறாள். ஓராண்டு முழுவதும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே பானைச் சோற்றையும் பருப்பையும் உண்டவர்கள் அவர்கள். தம் ஊர்களில் ஒரே கிணற்றில் நீர் எடுக்கத் தயங்கும் சாதிகளைச் சேர்ந்த சிறுமியர் அங்கே ஒருவர் தலையை மற்றவர் பின்னிவிட்டிருக்கிறார்கள். பேருந்திலும் டிராக்டரிலும் பெற்றோர் வந்து இறங்குகின்றனர். காப்பாளர் பதிவேட்டை நீட்டுகிறார். தந்தை கையொப்பமிடுகிறார், அல்லது கைநாட்டு வைக்கிறார். மாணவி வெளியேறுகிறாள்.

பெரும்பாலான சிறுமியருக்கு இது மகிழ்ச்சியான நாள். தாயின் கைச் சோறும் தம்பி தங்கையரும் காத்திருக்கின்றனர். வீட்டைப் பகையாகக் கருதும் கல்வி நல்ல கல்வியாகாது. எனினும் இவர்களுள் சிலர் திரும்பி வருவதில்லை என்பதை அனுபவமுள்ள ஒவ்வொரு காப்பாளரும் அறிவார்.

அட்சய திருதியையின் மறுபக்கம்

தமிழகத்தில் அட்சய திருதியை என்றதும் பொன் வாங்கும் நாள் நினைவிற்கு வருகிறது. ராஜஸ்தானத்தில் அதே நாள் ‘ஆகா தீஜ்’ எனப்படுகிறது. அன்று முகூர்த்தம் பாராமலே மணம் முடிக்கலாம் என்பது அங்குள்ள நம்பிக்கை. செலவைக் குறைப்பதற்காக, மூத்தவளின் மணப்பந்தலிலேயே இளையவளுக்கும் மணம் செய்துவிடும் வழக்கமும் உண்டு. சிறு வயதில் மணமானவள் சில ஆண்டுகள் பிறந்த வீட்டிலேயே வளர்வாள். பின்னர் ‘கௌனா’ என்னும் சடங்குடன் கணவன் வீட்டிற்கு அனுப்பப்படுவாள். ஆகா தீஜ் வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் வருவது ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

இது புதிய துயரம் அல்ல. இதைத் தடுக்க 1929-ல் இயற்றப்பட்ட சட்டம், அதைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சாரதாவின் பெயரால் ‘சாரதா சட்டம்’ என்று வழங்குகிறது. அவர் ராஜஸ்தானத்தின் அஜ்மீரைச் சேர்ந்தவர். பெண்ணின் மண வயதை 14 என்று வகுத்த அச்சட்டம் 1978-ல் திருத்தப்பட்டு, அவ்வயது 18 ஆயிற்று. 2006-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. நிலைமை மாறியும் வருகிறது. 20 முதல் 24 வயதுக்கு உட்பட்ட பெண்களுள் 18 வயதிற்கு முன்பே மணமானவர்கள், 2005-06-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 47.4 விழுக்காடு. 2019-21 ஆய்வில் அது 23.3 விழுக்காடாகக் குறைந்துள்ளது. முன்னேற்றம் பெரிதுதான். எனினும் ஏறக்குறைய நால்வருள் ஒருத்தி என்பதே இன்னும் அதன் பொருள். வகுப்பறையின் ஒரு பெஞ்சில் நால்வர் அமர்வர் என்றால் அந்த ஒருத்தி யார் என்று கேட்காமல் இருக்க இயலுமா?

பலனைத் துறத்தலும் பொறுப்பைத் துறத்தலும்

இங்கே ஆன்மிக நாட்டம் உள்ளவர்களின் மனத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். செயலில் மட்டுமே மனிதனுக்கு உரிமை உண்டு, பலனில் இல்லை என்பது கீதை காட்டும் நெறி. ஆசிரியை ஆண்டு முழுவதும் உண்மையாக உழைத்தாள். கற்பிப்பது அவளது செயல். மாணவியின் எதிர்காலம் பலன். அதை இறைவனிடம் விட்டுவிடுவதல்லவா கர்மயோகம்?

இந்த வாதத்தில் ஒரு நுட்பமான பிழை ஒளிந்துள்ளது. செயல் எங்கே முடிகிறது, பலன் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை நமக்கு வசதியான இடத்தில் போட்டுக்கொள்கிறோம். விதைத்த உழவன் மழையைத் தன் ஆணைக்குக் கட்டுப்படுத்த முடியாது. அங்கே அவன் பலனைத் துறக்கலாம். ஆனால் வேலி உடைந்து மாடு உள்ளே நுழைவதைக் கண்டும், விளைச்சல் இறைவன் செயல் என்று அவன் திண்ணையில் அமர்ந்திருந்தால் அது துறவாகாது; சோம்பல். வேலியைச் சரிசெய்வதும் உழவின் ஒரு பகுதியே. திரும்பி வராத மாணவியைப் பற்றி விசாரிப்பதும் கல்விப் பணியின் ஒரு பகுதியே. விசாரித்த பின்பும், முயன்ற பின்பும் நேர்வதையே பலன் என்று சொல்லத் தகும். கீதையும் அதே சுலோகத்தில் செயலின்மையில் பற்று வைக்கலாகாது என்று எச்சரிக்கிறது.

1900-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் செயலின் ரகசியம் பற்றி உரையாற்றிய சுவாமி விவேகானந்தர் இதையே வேறு கோணத்தில் விளக்கினார். எதனாலும் ஈர்க்கப்படாத கல்நெஞ்சர்களுக்குத் துன்பம் குறைவாக இருக்கலாம். சுவருக்கும் துன்பம் இல்லை. ஆனால் சுவர் சுவராகவே இருக்கிறது என்பது அவர் உணர்த்திய கருத்து. முழு மனத்துடன் ஒன்றில் ஈடுபடும் ஆற்றலும், வேண்டும்போது அதிலிருந்து விலகும் ஆற்றலும் ஒருவரிடமே சமமாக வளர வேண்டும் என்றார் அவர். அன்பே செலுத்தாதவர் விலகினார் என்பதில் என்ன பெருமை இருக்கிறது?

கண்வரும் அவரது சீடர்களும்

மகளிர் விடைபெறுவதை நம் இலக்கியத்தில் மிக நுட்பமாகத் தீட்டியவர் காளிதாசர். சாகுந்தலத்தின் நான்காம் அங்கத்தில், தாம் எடுத்து வளர்த்த சகுந்தலையைக் கண்வ முனிவர் கணவன் வீட்டிற்கு அனுப்புகிறார். காட்டில் வாழும் துறவியான தமக்கே இவ்வளவு துயரம் என்றால் இல்லறத்தார் படும் பாடு என்னவோ என்று எண்ணி அவர் வியக்கிறார். அவருடைய கண்ணீர் தவத்திற்கு இழுக்காகத் தோன்றவில்லை. அவர் சகுந்தலையைத் தனியே அனுப்பவும் இல்லை. கௌதமியையும் சார்ங்கரவன், சாரத்வதன் என்னும் இரு சீடர்களையும் உடன் அனுப்புகிறார்.

ஆனால் ஐந்தாம் அங்கத்தில் நடப்பது என்ன? சாபத்தால் நினைவிழந்த துஷ்யந்தன் அவளை ஏற்க மறுக்கிறான். உடன் வந்தவர்கள் அவளை அங்கேயே விட்டுப் புறப்படுகின்றனர். அழுதவாறு பின்தொடரும் அவளைச் சார்ங்கரவன் கடிந்து நிறுத்துகிறான். மனைவிக்குக் கணவன் வீடே இடம், கொண்டுவந்து சேர்த்தாயிற்று, குரு இட்ட பணி முடிந்தது! அவன் தீயவன் அல்லன்; ஆசிரம ஒழுக்கத்தில் தேர்ந்தவன். தன் கடமைக்கு எல்லை வகுத்து, அந்த எல்லையில் நின்றுகொண்டான், அவ்வளவுதான். அந்த எல்லைக்கு வெளியே கருவுற்ற ஓர் இளம்பெண் தனியே நின்றாள்.

இங்கே மற்றொன்றையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். மகளை அனுப்பியபின், உரியவரிடம் அடைக்கலப் பொருளைத் திருப்பித் தந்தவரைப் போலக் கண்வரே மன ஆறுதல் அடைகிறார். பெண் பிறருக்கு உரிய பொருள் என்ற இந்த எண்ணம் வட இந்தியச் சிற்றூர்களில் ‘பராயா தன்’ என்ற சொல்லாக இன்றும் வாழ்கிறது. பிறருக்கு உரிய பொருளுக்காக ஏன் செலவு செய்ய வேண்டும், ஏன் படிக்க வைக்க வேண்டும் என்ற கேள்விகள் அதிலிருந்தே பிறக்கின்றன. வேதாந்தம் இந்த எண்ணத்தை ஒருபோதும் ஏற்க இயலாது. ஆன்மா யாருக்கும் பொருள் ஆவதில்லை. தந்தைக்கும் உடைமை இல்லை. கணவனுக்கும் உடைமை இல்லை. பள்ளிக்கும் உடைமை இல்லை.

பள்ளிக்கும் என்பது முக்கியம். ஏனெனில் அலட்சியத்திற்கு எதிரான பிழையும் ஒன்று உண்டு. ‘எங்கள் மாணவி’, ‘எங்கள் தேர்ச்சி விழுக்காடு’ என்று பெருமை கொண்டாடுவது அது. முதல் மதிப்பெண் பெற்றவளின் படம் சுவரை அலங்கரிக்கிறது. திரும்பி வராதவளின் பெயரோ பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோட்டுடன் மறைகிறது. இதில் இருப்பது மாணவியின்மீது கொண்ட அன்பன்று. தன்மீது கொண்ட அன்பு. பற்றின்மை அறுக்க வேண்டியது ‘என்னுடையவள்’ என்ற எண்ணத்தை. ‘அவள்’ என்ற அக்கறையை அது அறுக்க வேண்டியதில்லை. ‘எனது’ நீங்கினால்தான் ‘அவள்’ தெளிவாகத் தெரிகிறாள்.

சுதீரா காட்டிய வழி

1898 நவம்பர் 13 அன்று கல்கத்தாவின் பாக்பஜாரில் சகோதரி நிவேதிதை தொடங்கிய சிறிய பெண்கள் பள்ளியை அன்னை ஸ்ரீ சாரதாதேவியார் பூஜை செய்து தொடங்கிவைத்தார். அப்பள்ளியில் பயின்றவர் சரளா. அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே அவருக்கு மணம் செய்விக்கப்பட்டிருந்தது. ஆனால் அவரது உள்ளம் ஆன்மிக வாழ்வை நாடியது. பள்ளியின் ஆசிரியை சுதீரா அவரது மன உறுதியை அறிந்திருந்தார். சமூகம் சீறும் என்று தெரிந்தும், சரளா வீட்டை விட்டு வெளியேறத் துணை நின்றார். சரளா பின்னர் செவிலியர் பயிற்சி பெற்றார். 1920-ல் அன்னையின் இறுதி நோயின்போது அருகிருந்து பணிவிடை செய்யும் பேறு அவருக்குக் கிட்டியது. 1954-ல் உருவான ஸ்ரீ சாரதா மடத்தின் முதல் தலைவியான பிரவ்ராஜிகா பாரதிபிராணா அவரே.

மணமான ஒரு மாணவியைப் பள்ளியின் கணக்கிலிருந்து கழித்துவிட்டுச் சுதீரா தம் வகுப்பிற்குத் திரும்பியிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. அதே வேளையில் சரளாவின் வாழ்வைத் தாம் விரும்பியபடி வடிக்கவும் அவர் முயலவில்லை. சரளா விரும்பிய வழியில் நடப்பதற்குத் துணை நின்றார். அக்கறையும் பற்றின்மையும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அன்று சுதீரா மறைவாகச் செய்ய நேர்ந்ததை இன்று வெளிப்படையாகச் செய்யச் சட்டமே துணை நிற்கிறது. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்கள் உள்ளனர். 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி உள்ளது. சிறு வயதில் மணம் செய்விக்கப்பட்ட பெண், 18 வயது நிறைந்தபின் இரண்டு ஆண்டுகளுக்குள் அம்மணத்தைச் செல்லாததாக்கக் கோரவும் சட்டம் இடம் தருகிறது. விடுமுறைக்கு முன் இவற்றை ஒவ்வொரு மாணவிக்கும் அவளுடைய தாய்மொழியில் எடுத்துச் சொல்லலாம். அழைக்க வரும் தாயிடம் சில நிமிடங்கள் அமர்ந்து பேசலாம். விடுமுறையின் நடுவில் ஒரு முறை வீடு தேடிச் செல்லலாம். ஒரே ஊரைச் சேர்ந்த இருவரை ஒருவருக்கொருவர் துணையாக்கலாம். இவை எளிய செயல்கள். எனினும் தான் மறக்கப்படவில்லை என்று அந்தச் சிறுமி அறிவாள். அவளை யாரோ கேட்பார்கள் என்று ஊரும் அறியும்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் திரும்ப மாட்டார்கள். சில வீடுகளின் கதவு திறக்காது. அப்போது ஆசிரியையின் உள்ளம் நோகும். அந்த நோவைச் சுமந்தபடியே, கசப்பின்றி, அடுத்த ஆண்டில் வரும் புதிய சிறுமிக்கு அவள் முழு மனத்துடன் கற்பிக்கத் தொடங்க வேண்டும். பலனைத் துறத்தல் என்னும் சாதனை அங்கேதான் தொடங்குகிறது.

உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் மெய்யான ஆண்டறிக்கை விடைபெறும் நாளில் எழுதப்படுவதில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், மாலை விளக்கேற்றும் வேளையில், காப்பாளர் கூடத்தைச் சுற்றிவந்து கட்டில்களைப் பார்க்கும்போது எழுதப்படுகிறது. பிரிக்கப்படாத மெத்தை ஒன்று அங்கே இருக்குமானால், அதற்கு உரியவளின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அவள் எங்கே என்று கேட்பவரே கர்மயோகி. அன்றைய பிரார்த்தனையும் அந்தக் கேள்வியுடனேயே தொடங்கட்டும்.