கட்டளையா, காணிக்கையா?

குன்னூரை அடுத்த வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில், உறுதிமொழி ஏற்கும் இளைஞர்களைக் காணும்போது நம் நெஞ்சம் பெருமிதம் கொள்கிறது. அவர்கள் தாமே முன்வந்தவர்கள். ‘எல்லா இளைஞரையும் ஈராண்டு படைக்கு அனுப்பச் சட்டம் இயற்றினால், நாட்டில் ஒழுக்கம் தழைக்குமே’ என்று நம்மிடையே பலர் கூறுவதுண்டு.

இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாயச் சேவை உள்ளது. செல்வர் மகனும் எளியவர் மகனும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். நமது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவும், சமயம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றின் பேரில் வேறுபாடு காட்டாமல், பொது நோக்கங்களுக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசுக்கு இடமளிக்கிறது. ஆயினும் இந்தியா படைப்பணியைக் கட்டாயமாக்கவில்லை. 2022-இல் வந்த அக்னிபத் திட்டமும் விருப்பத்தின் பாற்பட்டதே. ஆனால் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்து, வேறு வழியின்றிப் படையில் சேரும் இளைஞனின் விருப்பம் முழு விருப்பந்தானா? வறியோர் காவல் நிற்க, வசதியுள்ளோர் வாழ்த்து மட்டும் கூறுவது நீதியாகுமா?

நியாயமான வினாவே. எனினும், சுமையைப் பங்கிடுவது வேறு. மனச்சான்றைப் பறிப்பது வேறு. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியோர் நம் மலைகளில் வாழ்கின்றனர். அவர்கள் விட்டுவந்த தீவில், 2009-இல் முடிந்த போரின் இறுதி ஆண்டுகளில், வீட்டுக்கு ஒருவர் வேண்டுமென்று விடுதலைப் புலிகள் வன்னியில் கட்டாயமாக ஆள் சேர்த்தனர். பெற்றோர் பிள்ளைகளை ஒளித்து வைத்தனர். மறுபுறம் அரசின் குண்டுகளும் பொழிந்தன. எத்துணை உயரிய இலட்சியம் பேசப்பட்டாலும், தாயின் கையிலிருந்து பறிக்கப்பட்ட பிள்ளையைத் தியாகி என்பதா, பலி என்பதா?

நாட்டைக் காக்கும் படைவீரரை மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணிபுரிவோராக 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதித்தது. அதே ஏட்டில், மனச்சான்றின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்போர் வேறு வகையில் சமுதாயத்திற்குப் பணிபுரிய இசைந்தால், அவர்களைச் சட்டங்கள் மனிதநேயத்துடன் நடத்துவது தகும் என்றது. இட்லரின் படையில் போரிட மறுத்து 1943-இல் கொல்லப்பட்ட ஆஸ்திரிய உழவர் பிரான்ஸ் யாகர்ஸ்டேட்டரைத் திருச்சபை 2007-இல் அருளாளர் என அறிவித்தது. எனவே பணியை அரசு கேட்கலாம். கொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் கட்டாயம் வேண்டாம் என்போர், கடமையும் வேண்டாம் என்று இருந்துவிடல் ஆகாது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து எரிந்தபோது, நஞ்சப்பசத்திரம் மக்கள் தண்ணீரும் கம்பளிகளும் எடுத்துக்கொண்டு ஓடினர். எந்தச் சட்டமும் அவர்களை அனுப்பவில்லை. அத்தகைய உள்ளத்தை நம் பிள்ளைகளிடம் வளர்க்க வீடும் பள்ளியும் பங்கும் தவறுமானால், அவ்விடத்தை நிரப்பச் சட்டம் வந்தே தீரும்; அப்போது நாம் யாரை நோவது?