போவதும் போய்ச் சேர்வதும்

ஞாயிறு விடியலில் சென்னையிலிருந்து பைக் குழுக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்துக்குக் கிளம்புகின்றன; அங்கே பொங்கல், வடை, காபி. இவை தெருமுனையிலேயே கிடைக்கும்போது பயணத்தின் நோக்கம் எது? அரிஸ்டாட்டில் ‘மெட்டாபிசிக்ஸ்’ ஒன்பதாம் நூலில் செயல்களை இரு வகையாகப் பிரிக்கிறார்: வீடு கட்டுவதைப் போல முடிவை எட்டியதும் நின்றுவிடுபவை, பார்ப்பதைப் போல நிகழும்போதே முழுமையானவை. நடப்பதை முதல் வகையில் வைத்தார். குழுப்பயணத்தை அப்படி எளிதாக அடக்கிவிட முடியாது. வண்டிகள் இடமும் வலமுமாக மாறி மாறி, இடைவெளி விட்டுச் செல்கின்றன; வேகமானவர் மெதுவானவருக்காக வேகத்தைக் குறைக்கிறார்; அனுபவசாலி ஒருவர் யாரும் பின்தங்காதபடி கடைசியில் வருகிறார். இந்த அக்கறை வழியிலுள்ள கோவளத்தைத் தாண்டும்போதே நிறைவாக இருக்கிறது. சேருமிடமும் தேவைதான், அது இல்லையென்றால் ஒன்றாகக் கிளம்பவே வழியில்லை.