பிடிப்பின் அறம்

தொழிலாளியின் திறத்தை மதிப்பிடுவோர் அவன் கருவியின் கூர்மையை நோக்குவர். உளி கூரியதா, வாள் கூரியதா என்று கேட்பர். அந்தக் கூர்மையைத் தாங்கி நிற்கும் பிடி எத்தகையது என்று கேட்போர் மிகச் சிலரே. வெட்டும் முனை கண்ணுக்குத் தெரிகிறது. அதனைப் பற்றியிருக்கும் வாய் தெரிவதில்லை. ஆயினும், பிடி தளர்ந்த கருவியின் கூர்மை மிகுந்தோறும் கேடும் மிகும். பிறர் காணாத ஒன்றிற்கு மனிதன் எவ்வளவு உண்மையாக இருத்தல் வேண்டும்? அறநூலார் தொன்றுதொட்டு எழுப்பிவரும் இவ்வினா, ஒரு சிறு பட்டறையிலும் எழுகின்றது.

பினாங்கு மாநிலத் தலைநகரில் டத்தோ கிராமாட் சாலை உழைப்பின் வரலாறு படிந்த இடம். 1907ஆம் ஆண்டில் நிறுவனமாக உருப்பெற்ற ஈஸ்டர்ன் சுமெல்ட்டிங்கின் ஈய உருக்காலை, அங்கே பல்லாண்டுகள் இயங்கிற்று. மண்ணோடு கலந்து வந்த ஈயத்தாது அவ்வுலையில் உருகித் தூய்மை பெற்றுக் கப்பலேறிற்று. இன்று அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்துள்ளது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தோன்றிய பின்னர், பினாங்குத் தீவின் தொழில் உலைக்களத்தை விட்டு நுண்பொருள் ஆக்கத்தை நாடியது. கையால் அள்ளிய காலம் போய், மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு கூற்றையும் கணக்கிடும் காலம் வந்தது.

அத்தகைய ஆலையொன்றில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், டத்தோ கிராமாட் வட்டாரத்துச் சந்தொன்றில் வாழ்வதாகக் கொள்க. வீட்டின் பின்கட்டில் சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்றை அவர் வைத்திருக்கிறார். அண்டை வீட்டுத் தையல் இயந்திரத்தின் உடைந்த உறுப்பையும், எதிர்வீட்டு இளைஞனின் மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய இரும்புத் துண்டையும் அவரே செதுக்கித் தருகிறார். ஒரு நாள் அவருக்குத் தேவை ஒன்று நேர்கிறது. வெட்டுளியைப் பற்றிச் சுழல்தண்டில் நிறுத்தும் சக் ஒன்றை அவர் வாங்க வேண்டும். எதனை வாங்குவது?

எளிய வழி ஒன்று அவர் கைக்கருகிலேயே இருக்கிறது. துளை போடுவதற்கென வாங்கிய மூன்று தாடைச் சக் அங்கே கிடக்கிறது. அதில் வெட்டுளியை மாட்டினாலும் இயந்திரம் சுழலத்தான் செய்யும். உலோகம் சீவப்படத்தான் செய்யும். “இதுவரை ஒன்றும் நேரவில்லையே” என்று சொல்லிக் கொள்ளவும் இடமுண்டு.

ஆனால், துளையிடும் வேலையின் இயல்பு வேறு; மில்லிங் வேலையின் இயல்பு வேறு. துளையிடும்போது விசை நேர்கீழாகச் செல்கிறது. அது சக்கை அதன் கூம்பிற்குள் மேலும் அழுத்துகிறது. மில்லிங்கில் விசை பக்கவாட்டில் தாக்குகிறது; பல்லுக்குப் பல் அதிர்வு எழுகிறது. அவ்வதிர்வு தாடைகளின் இறுக்கத்தைக் குலைக்கும். சக் கூம்பிலிருந்தே கழன்று விழவும் கூடும். மேலும், வெட்டுளியின் முறுக்கு அமைப்பு, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல் தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொண்டு பணிப்பொருளுக்குள் ஆழும். அந்நொடியில் பாழாவது இரும்புத் துண்டு மட்டுமாயின் குற்றமில்லை. வேடிக்கை பார்க்க வந்து நிற்கும் பேரப்பிள்ளையின் கண்ணும் அங்கேதான் இருக்கிறது. இதுவரை நேரவில்லை என்பது நற்பேற்றின் கணக்கு. அது பாதுகாப்பின் சான்று ஆகாது.

இதனால் துளைச் சக் இழிந்தது என்று பொருளன்று. தன் வேலைக்கு அது முற்றும் தகுதி உடையதே. ஒன்றற்கென அமைந்ததை மற்றொன்றில் வலிந்து புகுத்துவதே பிழை. மாந்தரைப் பணியில் அமர்த்துவோரும் மாணவரை வகுப்பில் நடத்துவோரும் எண்ணிப் பார்க்கத் தக்க உண்மை இது.

மில்லிங்கிற்கென்றே அமைந்தது கோலட் சக். பிளவுகள் கொண்ட எஃகு உறை ஒன்று கூம்பான குழிக்குள் அமர்கிறது. மேலே மரையை முடுக்கினால், அவ்வுறை எல்லாப் பக்கமும் ஒருசேரச் சுருங்கி வெட்டுளியைத் தழுவிக்கொள்கிறது. 1970களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இஆர் வகைக் கோலட் இன்று உலகெங்கும் பரவி, ஜெர்மானியத் தர அளவை 6499இல் இடம் பெற்றுள்ளது. அதன் கூம்புச் சரிவு, நடு அச்சிலிருந்து பக்கத்திற்கு 8 பாகை. இஆர் 25 என்னும் அளவு, 1 மில்லிமீட்டர் முதல் 16 மில்லிமீட்டர் வரையுள்ள தண்டுகளைப் பற்றும். பெரும்பாலான கோலட்டுகள் 1 மில்லிமீட்டர் வரை சுருங்க வல்லவை. ஆகவே 13 மில்லிமீட்டர்க் கோலட், பழைய பிரிட்டிஷ் அளவில் அரை அங்குலம் எனப்படும் 12.7 மில்லிமீட்டர்த் தண்டையும் ஏற்கும். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறைக்கு மாறிய மலேசியாவில், அங்குலக் கருவிகளை இன்னும் பேணி வைத்திருப்போர்க்கு இஃது ஓர் உதவியே.

பிடிப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. வெட்டுளி சுழலும்போது அதன் நடு அச்சு சிறிதும் விலகாதிருத்தல் வேண்டும். இரு பற்கள் உள்ள வெட்டுளி ஒன்றை எடுத்துக்கொள்க. ஒவ்வொரு பல்லும் 0.05 மில்லிமீட்டர் சீவ வேண்டும் என்பது ஏற்பாடு. பிடியின் கோணலால் அளவுமுள் காட்டும் விலகலும் 0.05 மில்லிமீட்டர் என்க. அவ்விலகல் ஒரு பல்லின் திசையில் அமைந்துவிட்டால், அந்தப் பல் 0.1 மில்லிமீட்டர் சீவும். மற்றொன்று ஒன்றும் சீவாது. ஒரு பல் இருவர் சுமையைச் சுமந்து விரைவில் மழுங்கும். மற்றது மினுக்குக் குறையாமல் சுற்றிவரும். மழுங்கிய பல்லைப் பழிப்பது எளிது. குற்றம் பல்லில் இல்லை; இரண்டையும் பிடித்திருக்கும் இடத்தில் இருக்கிறது. குடும்பத்திலும் அலுவலகத்திலும் சங்கங்களிலும் ஒருவர் தேய, ஒருவர் பொலிவதைக் காண்போர், நடுநிலை எங்கே பிறழ்ந்தது என்று நோக்க வேண்டிய இடமும் அதுவே அன்றோ?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்க்கு இத்துணை நுண்மை எதற்கு? அந்தப் பணம் பேரனின் பள்ளிப் புத்தகத்திற்கு ஆகுமே” என்று வீட்டார் கேட்கலாம். அக்கேள்வி நேர்மையானது, அதனைத் தள்ளிவிடலாகாது. சுழல்தண்டே தளர்ந்து ஆடும் இயந்திரத்தில் விலையுயர்ந்த சக்கைப் பூட்டுவது, ஒழுகும் கூரையின்கீழ்ப் பட்டு விரிப்பது போன்றது. அது நேர்மை அன்று, ஆடம்பரம். முழுத் தொகுதியாகக் கோலட்டுகளை வாங்கி அடுக்க வேண்டுவதும் இல்லை. தம்மிடம் உள்ள வெட்டுளிகள் 6, 10, 12 மில்லிமீட்டர்த் தண்டுகள் உடையனவாயின், நல்ல கோலட்டுகள் மூன்றே போதும். சுழல்தண்டின் கூம்பிற்குப் பொருந்துவதும், மேலிருந்து இழுகம்பியால் இறுக்கப்படுவதுமான சக் ஒன்று உடன் வேண்டும். தேவைக்கு மேற்பட்டதை வாங்குவது பேராசை. தேவையானதைத் தவிர்ப்பது கஞ்சத்தனம். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வழியே அளவறிதல்.

வாங்கிய அளவில் கடமை முடிந்துவிடுவதும் இல்லை. கோலட்டை முதலில் மரைக்குள் சொடுக்கென்று அமர்த்தி, அதன் பின்னரே சக்கில் பொருத்த வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கெடும். கூம்பில் சிறு இரும்புத்தூள் ஒன்று ஒட்டியிருப்பினும் முனையில் விலகல் பெருகும். அழுக்கடைந்த விலையுயர்ந்த சக்கைவிடத் துடைத்துப் பேணிய எளிய சக் மேலானது. பொருளைப் பணத்தால் பெறலாம். பொறுப்பை நாள்தோறும் கையாலேதான் பெற வேண்டும்.

தமிழில் ‘பற்று’ என்னும் சொல் பிடித்தலையும் குறிக்கும். நெஞ்சம் ஒன்றில் ஒட்டி நிற்பதையும் குறிக்கும். பற்று வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் நம் மரபில் உளர். கோலட் இருசாராரையும் ஒருவாறு இணைக்கிறது. பணி நடக்கும்வரை அது எல்லாப் பக்கமும் சமமாகப் பற்றுகிறது; பணி முடிந்ததும் தழும்பின்றி விடுகிறது. தன் அளவிற்குள் நெகிழ்ந்து கொடுக்கிறது. அதற்கு அப்பால் வலிந்து நெருக்கினால் தன் வடிவையே இழக்கிறது. இறுக்கமும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே என்பதை அது உணர்த்துகிறது.

ஆலையில் அந்த முதியவரின் வேலையை அளந்து பார்க்க மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். பின்கட்டில் எவரும் இல்லை. தையல் இயந்திரத்து உறுப்பைப் பெற்றுச்செல்லும் அண்டை வீட்டம்மையார் அளவுமுள்ளைப் பார்க்கப் போவதில்லை. நன்றி கூறிச் செல்வார். ஆயினும் வெட்டுளியைப் பூட்டியதும், அவர் சுழல்தண்டைக் கையால் மெல்லச் சுழற்றி முள்ளின் அசைவை நோக்குகிறார். அசைவு மிகுதியாயின் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுகிறார். அந்த இரண்டாம் முறைப் பூட்டலை அறிந்தவர் அவர் ஒருவரே. ஆலை அவரை வீட்டிற்கு அனுப்பிவிட்டது. அவர் தம்மைப் பணியினின்று விடுவித்துக்கொள்ளவில்லை.