ஒரு சொல் சுமந்த பாரம்

1901ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பஞ்சாபிலுள்ள காதியானில் ஒரு சிறு பிரசுரம் எழுதப்பட்டது. எழுதியவர் அஹ்மதிய்யா இயக்கத்தை நிறுவிய மிர்ஸா குலாம் அஹ்மது. உருதுத் தலைப்பின் பொருள் ‘ஒரு பிழையின் திருத்தம்’. உங்கள் தலைவர் தம்மை நபி என்கிறாரா என்று எதிர்த்தரப்பினர் கேட்டதற்கு, அவருடைய சீடர் ஒருவர் வெறுமனே இல்லை என்று பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதில் சரியல்ல என்று விளக்கவே இந்தப் பிரசுரம். குழப்பத்தைத் தீர்க்க வந்த அதே சில பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பின்னாளில் அவருடைய அணுக்கச் சீடர்கள் இரண்டு முகாம்களாக நின்று வாதாடினார்கள். ஏன் இப்படி ஆயிற்று? அந்தச் சச்சரவின் உயிர்நிலை அவர் நபியா இல்லையா என்ற கேள்வியைவிட, அவரை ஏற்காதவர் முஸ்லிமா இல்லையா என்ற கேள்வியில்தான் இருந்தது என்பது என் துணிபு.

முதலில் சொல்லின் கனத்தைப் பார்ப்போம். குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் நபிகள் நாயகத்தைக் ‘காத்தமுன் நபிய்யீன்’, அதாவது நபிமார்களின் முத்திரை என்கிறது. அவரோடு நபித்துவம் நிறைவுற்றது என்பதே முஸ்லிம் உலகம் வழிவழியாகக் கொண்ட பொருள். ஆனால் இறைவன் அதற்குப் பிறகு எவரோடும் பேசமாட்டான் என்று அந்த மரபு சொல்லவில்லை. அவுலியாக்கள் எனும் இறைநேசர்களுக்கு உள்ளுதிப்பு உண்டு. இறைவன் உரையாடும் அடியாருக்கு ‘முஹத்தஸ்’ என்ற பெயரும் ஹதீஸிலேயே இருக்கிறது, உமரைச் சுட்டி. மிர்ஸா தொடக்கத்தில் நின்ற இடம் இதுதான். 1889இல் லூதியானாவில் முதல் பைஅத், அதாவது சீடராகும் உறுதிமொழி, வாங்கி, 1891இல் வாக்களிக்கப்பட்ட மஸீஹ் (மெசியா) தாமே என்று அறிவித்தபின், 1892 பிப்ரவரி 3ஆம் நாள் லாகூரில் நடந்த ஒரு விவாதத்தில் ஓர் எழுத்தில் கையொப்பமிட்டார். தம் நூல்களில் நபி என்று வரும் இடங்களில் அந்தச் சொல்லை நீக்கியதாகக் கருதி, முஹத்தஸ் என்று வாசித்துக்கொள்ளலாம் என்றது அது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த பிரசுரமோ, தாம் நபித்துவத்தை மறுத்ததெல்லாம் புதிய ஷரீஅத்தை, அதாவது சமயச் சட்டத்தை, கொண்டுவராதவர், சுதந்திரமான நபியல்லர் என்ற பொருளில் மட்டுமே என்கிறது. நாயகத்தின் நிழலாக, அவரைப் பின்பற்றியே பெற்ற பெயர் என்ற பொருளில் தாம் நபி என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

1908 மே 26 அன்று மிர்ஸா மறைந்தார். அவருக்குப் பின் ஹகீம் நூருத்தீன் கலீஃபாவாக, அதாவது இயக்கத்தின் தலைவராக, இருந்தவரை பிளவு வெளியே வரவில்லை. அவர் 1914 மார்ச் 13 அன்று மறைய, மறுநாளே நிறுவனரின் மகன் பஷீருத்தீன் மஹ்மூது அஹ்மது 25 வயதில் கலீஃபாவானார். நிறுவனரின் அணுக்கச் சீடரான மௌலானா முஹம்மது அலியும் அவரைச் சார்ந்தோரும் லாகூருக்குப் பெயர்ந்து தனி அஞ்சுமன், அதாவது சங்கம், அமைத்தார்கள்; கலீஃபாவின் தரப்பு காதியானிலேயே இருந்தது. அடுத்த ஆண்டே இரு தரப்பிலிருந்தும் நபித்துவம் பற்றி ஆளுக்கொரு பெரிய நூல் வெளிவந்தது. 1901இல் நபி என்பதன் இலக்கணத்தையே நிறுவனர் மாற்றிக்கொண்டார், ஆகவே முந்தைய மறுப்புகள் காலாவதியானவை என்றது காதியான். அந்தப் பிரசுரமே பழைய மறுப்புகளுக்கு விளக்கம் சொல்லி அவற்றைத் தாங்கிப் பிடிக்கும்போது, மாற்றம் எங்கே வந்தது என்று கேட்டது லாகூர். நியாயமாகச் சொன்னால், வாசகங்களை மட்டும் எடைபோட்டால் காதியானின் கை ஓங்கியிருக்கிறது. மறைவுக்கு மூன்று நாள் முன்னர் லாகூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்திலும் மிர்ஸா தம்மை நபி என்றே சொல்கிறார். ‘ரிவ்யூ ஆஃப் ரிலிஜன்ஸ்’ இதழின் ஆசிரியராக இருந்தபோது முஹம்மது அலியே அந்தச் சொல்லை அவருக்கு ஆண்டிருக்கிறார். லாகூர்த் தரப்பு இதைக் கடந்துபோவது எளிதல்ல.

இது வெறும் பதவிச் சண்டை, கொள்கை அதற்குப் போர்த்திய போர்வை என்று சிலர் சொல்வார்கள். நிர்வாகம் இயக்கத்தின் அஞ்சுமன் கையிலா, கலீஃபாவின் கையிலா என்ற பூசல் இருந்தது உண்மை. ஆனால் நாள்வரிசையைப் பாருங்கள். பிளவுக்கு மூன்று ஆண்டு முன்னரே, 1911இல், நிறுவனரை ஏற்காத முஸ்லிம்களைக் காஃபிர், அதாவது நிராகரிப்பவர், என்று சொல்லி மஹ்மூது அஹ்மது கட்டுரை எழுதிவிட்டார். முஹம்மது அலியை உறுத்தியது அதுதான். இஸ்லாமின் உறுதிமொழியான கலிமா சொன்னவனை எப்படிக் காஃபிர் என்பது? நபி என்ற சொல் அடைமொழி ஏதுமின்றி நின்றால், அவரை மறுப்பது நிராகரிப்பு என்ற முடிவு தானே வந்து சேரும். லாகூர் அந்த முடிவுக்கு அஞ்சித்தான் சொல்லையே விலக்கியது. காதியானோ சொல்லைக் காக்க முடிவையும் ஏற்றது. ஆனால் அந்த முடிவும் அப்படியே நிற்கவில்லை. 1953 பஞ்சாப் கலவரத்தை விசாரித்த முனீர் குழுவின் முன், நிராகரிப்பில் வகைகள் உண்டு, எல்லாமே ஒருவரை இஸ்லாமிய சமுதாயத்திலிருந்து வெளியேற்றிவிடாது என்று அதே மஹ்மூது அஹ்மது விளக்க வேண்டியதாயிற்று. ‘நபி’க்கு அடைமொழி சேர்த்த கை ‘காஃபிரு’க்கும் சேர்த்தது. லாகூர் 1914இல் அஞ்சியது வீண் அச்சம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பெரும்பான்மை முஸ்லிம்களின் ஆட்சேபம் வேறு. நிழல், பிரதிபலிப்பு என்று எத்தனை அடைமொழி சேர்த்தாலும் முத்திரை வைத்த கதவு திறக்காது என்கிறார்கள் அவர்கள். அந்த நம்பிக்கையின் உறுதியை நான் மதிக்கிறேன். அந்தச் சொல் அவர்களுக்கு எவ்வளவு புனிதமானது என்று உணராதவன் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஆனால் ஒரு கொள்கையை மறுப்பது வேறு, அதைக் கொண்டிருப்பவன் யார் என்று சட்டம் எழுதுவது வேறு. 1974 செப்டம்பரில் பாகிஸ்தான் கொண்டுவந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம், நபித்துவம் கோரியவரை நபி என்றோ சமயச் சீர்திருத்தவாதி என்றோ ஏற்பவர் முஸ்லிம் அல்லர் என்றது. அறுபது ஆண்டுகள் அவர் நபியல்லர் என்றே வாதாடிவந்த லாகூர்க்காரர்களையும் ‘சீர்திருத்தவாதி’ என்ற அந்த ஒற்றைச் சொல் வெளியே தள்ளியது. 1911இல் காதியான் பிறரைப் பார்த்துச் சொன்னது, சட்டத்தின் வடிவில் காதியான், லாகூர் இரண்டையும் நோக்கித் திரும்பி வந்தது. யாரையும் இழித்துப் பேச இதைச் சொல்லவில்லை. இந்தச் சச்சரவில் பேச விரும்புகிறவர்கள் எந்தத் தரப்பாயினும் 1892இன் கையொப்பத்தையும் 1901இன் பிரசுரத்தையும் அருகருகே வைத்து முழுமையாக வாசியுங்கள். அதுவரை அடுத்தவரின் ஈமானைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.