கந்தை கொடையாகும் விதம்

பிறர் பயன்படுத்திக் கழித்த துணியையும் பெட்டியையும் பலகையையும் தேடி எடுத்து, அவற்றைக் கொண்டு கையால் ஒரு பொருள் செய்து அன்பளிப்பாக வழங்கும் வழக்கம் இன்று பெரும்பாலும் சிக்கனத்தின் பெயராலும் சுற்றுச்சூழல் அக்கறையின் பெயராலும் போற்றப்படுகிறது. அவ்விரு காரணங்களும் சரியானவையே. ஆயினும் கொடையின் இயல்பு பற்றிய ஒரு பழைய சிக்கலை அவை தீர்ப்பதில்லை. உடையவருக்கே வேண்டாததாகிப்போன பொருள் இன்னொருவருக்குக் கொடையாக இருக்க முடியுமா, முடியுமெனில் குப்பையாகக் கிடந்த நிலைக்கும் கொடையாக நிற்கும் நிலைக்கும் இடையே அப்பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதே அச்சிக்கல். இதற்கு மிக நுணுக்கமான விடையைத் தந்த மரபு பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நெறியாகிய விநயம் என்று துணிந்து கூறலாம். ஏனெனில் அது விடையைக் கோட்பாடாக மட்டும் உரைக்காமல் ஊசி, நூல், கத்தி, சாயம் என்னும் அளவிற்கு இறங்கி வந்து உரைத்தது.

சிக்கலின் கடுமையைக் கடோபநிடதத்தின் தொடக்கம் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே வாஜசிரவசர் தம் உடைமை அனைத்தையும் வேள்வியில் தானமாக வழங்குகிறார். ஆனால் அவர் ஓட்டிவரச் செய்யும் பசுக்களோ இனி நீர் பருகவும் புல் மேயவும் பால் சுரக்கவும் வலுவற்றவை. அதைக் கண்ட மகன் நசிகேதன், இத்தகைய தானம் செய்பவர் இன்பமற்ற உலகங்களையே சென்றடைவார் என்று கலங்கி, தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர் என்று தந்தையை மீண்டும் மீண்டும் கேட்க, அவர் சினந்து அவனை எமனுக்குக் கொடுக்கிறார். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமும், தமக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி ஏற்க மனம் வராத மட்டமான பொருளைத் தேடிப் பிடித்து அறத்திற்குச் செலவிட வேண்டாம் என எச்சரிக்கிறது. வேண்டாததைக் கழித்துக்கொள்வதும் கொடுப்பதும் ஒரே செயலாக நடக்கும்போது கொடுப்பவரின் சுமை இறங்குகிறதே தவிர, பெறுபவருக்கு எதுவும் வந்து சேர்வதில்லை என்பது இவ்விரு நூல்களிலிருந்தும் பெறத்தக்க கருத்து.

இக்கருத்துக்கு நேர்மாறானதுபோல் தோற்றமளிப்பது பாம்சுகூலம். புழுதியிலும் குப்பைமேட்டிலும் கிடந்த நிலையில் எடுக்கப்பட்ட துணியை இச்சொல் குறிக்கும். துறவி அணியும் ஆடை சீவரம் எனப்படும். பிக்குகள் எனப்படும் பௌத்தத் துறவிகள் தாமே விரும்பி மேற்கொள்ளும் 13 தவநெறிகள் துதாங்கம் எனப்படும். அவற்றுள் முதலாவது, குப்பையில் கிடைத்த துணியால் ஆன சீவரத்தை மட்டுமே அணிவது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கம் என்னும் பெருநூலை இயற்றிய புத்தகோசர் இத்தகைய துணிகளை 23 வகையாகப் பகுத்துள்ளார். சுடுகாட்டில் கிடப்பது, கடைவாசலில் வீசப்பட்டது, மகப்பேற்றின்போது பயன்பட்டது, தீயில் கருகியது, மாடு மென்றது, கறையான் அரித்தது, எலி கடித்தது, காற்று அடித்துவந்தது, கடலலை கரையில் ஒதுக்கியது என நீளும் அந்தப் பட்டியல், மனிதர் அருவருத்தும் மறந்தும் கைவிடும் துணி அனைத்தையும் ஒன்று விடாமல் கணக்கில் கொள்கிறது.

இந்நெறியில் மூன்று படிகள் உண்டு. கடுமையாக நோற்பவர் சுடுகாட்டில் கிடந்த துணியை மட்டும் எடுப்பார். இடைநிலையினர், துறவி யாரேனும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் விட்டுச்சென்ற துணியையும் எடுப்பார். எளிய நிலையினர் தம் காலடியில் வைக்கப்பட்ட துணியையும் ஏற்பார். கையில் கொடுப்பதற்கும் காலடியில் வைப்பதற்கும் இடையிலான வேறுபாட்டைப் புத்தகோசர் மிகுந்த கவனத்தோடு ஆராய்கிறார்: கொடையாளர் ஒரு பிக்குவின் காலடியில் வைத்த துணியை அப்பிக்கு இந்நோன்பாளியின் கையில் கொடுத்தால் அது ஒருபக்கத் தூய்மை உடையது, அவரும் காலடியிலேயே வைத்தால் இருபக்கத் தூய்மை உடையது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது வெறும் சடங்கு நுட்பமாகத் தோன்றலாம். உண்மையில் இங்கே எடைபோடப்படுவது உரிமை. கையில் கொடுக்கப்படும் பொருளில் கொடுத்தவரின் பெயரும் எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கீழே விடப்பட்ட பொருளில் அவை அறுந்துபோகின்றன. நன்றிக்கடனைச் சுமத்தாத கொடை எது என்று தேடிய அம்மரபினர், அதற்கான உருவத்தைக் கைவிடப்பட்ட துணியில் கண்டனர்.

தம்மபத உரையில் வரும், புத்தரின் சீடர் அனுருத்தரின் கதை இதைத் துலக்கமாக விளக்குகிறது. சீவரம் நைந்துபோனதால் அவர் குப்பைமேடுகளில் துணி தேடி அலைகிறார். முற்பிறவி ஒன்றில் அவருக்கு மனைவியாக இருந்து இப்போது தேவமகளாகப் பிறந்திருக்கும் ஒருத்தி அதைக் காண்கிறாள். நேரே கொடுத்தால் அவர் ஏற்கமாட்டார் என்பதை உணர்ந்து, தெய்வத் துணிகள் மூன்றை அவர் செல்லும் வழியிலுள்ள குப்பைமேட்டில், ஓரம் மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து வைக்கிறாள். அவர் அதைப் பற்றி இழுத்து, இது உயர்ந்த பாம்சுகூலம் என்று மகிழ்ந்து எடுத்துச் செல்கிறார். அத்துணியைச் சீவரமாகத் தைக்கும் நாளில் புத்தரே பிக்குகள் சூழ அங்கு வருகிறார். அவருடைய சீடர்களுள் தையலின் ஒரு முனையில் காசியபரும் நடுவில் சாரிபுத்தரும் மறுமுனையில் ஆனந்தரும் அமர, பிக்குகள் நூல் முறுக்க, புத்தர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறார். கொடுத்தவள் தன்னை மறைத்துக்கொண்டாள். பெற்றவர் தாம் கண்டெடுத்ததாகவே கருதினார். இடையில் ஒரு கூட்டமே உழைத்தது. கையால் செய்யும் அன்பளிப்பைப் பற்றிச் சமய இலக்கியத்தில் இதனினும் நிறைவான சித்திரம் ஒன்றைக் காண்பது அரிது.

அந்த உழைப்பின் ஒவ்வொரு படியையும் விநயம் வகுத்துரைக்கிறது. எடுத்த துணியைத் துவைத்து, சீவரமாக வெட்டித் தைத்துச் சாயமேற்ற வேண்டும். வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறு வகைச் சாயங்கள் அனுமதிக்கப்பட்டன. சாயம் பக்குவமாகக் கொதித்துவிட்டதா என்பதை அறிய அதன் ஒரு துளியை நீரிலோ நகத்தின் மேலோ விட்டுப் பார்க்கும் முறையும் கூறப்பட்டது. வெட்டுதலுக்கு ஆழ்ந்த காரணம் உண்டு: கத்தி பட்டுத் துண்டான துணிக்குச் சந்தையில் விலை போகாது, அதனால் கள்வரும் பகைவரும் அதை விரும்பார். துண்டுகளை இணைக்கும் முறையோ மகத நாட்டு நெல்வயல்களிலிருந்து வந்தது. வரிசையாகவும் கட்டங்களாகவும் வரப்புகளால் பிரிந்து கிடந்த அவ்வயல்களைக் காட்டி, இதுபோல் சீவரம் அமைக்க இயலுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் அவ்வாறே வடிவமைத்துப் பாராட்டுப் பெற்றார் என விநயத்தின் பகுதியாகிய மகாவக்கம் கூறுகிறது. விலை போகாததாக்கப்பட்ட துணி, அதே கையால் விளைநிலத்தின் ஒழுங்கைப் பெறுகிறது. ஆக, பொருளின் மதிப்பை அதன் விலையிலிருந்து பிரித்துக் கைத்திறனில் நிலைநிறுத்துவதே இத்தையலின் உட்பொருள்.

தைக்கும் கருவிகளைப் பேணும் பெட்டிகளையும் கூட விநயம் ஒதுக்கிவிடவில்லை. விநயத்தைச் சேர்ந்த சுள்ளவக்கம் என்னும் நூலில் இதற்கென்று நீண்ட பகுதியே உள்ளது. ஊசிகள் துருப்பிடித்தபோது அவற்றை வைக்க ஊசிக்குழல் அனுமதிக்கப்பட்டது. குழலிலும் துருப்பிடித்தபோது அதனுள் முதலில் நொதிப்பொடியும், பின்னர் மாவும், அதன்பின் கல்தூளும் நிரப்பிப் பார்த்து, கடைசியில் தேன்மெழுகு சேர்க்கப்பட்டது. ஊசியும் கத்தியும் விரலுறையும் தொலைந்துபோனபோது அவற்றைப் போட்டுவைக்கப் பணிக்கலம் ஒன்று அனுமதிக்கப்பட்டது. ஒவ்வொரு கலமும் ஒரு தேவை எழுந்த பிறகே தோன்றியது என்பது இங்கே கருதத்தக்கது. கலத்தைச் செய்துவிட்டு அதில் வைக்கப் பொருள் தேடும் நிலை அங்கே ஏற்படவில்லை.

ஊசிகளை வைக்கும் கலத்தைப் பற்றிக் கடுமையான விதி ஒன்றும் உண்டு. கபிலவத்துவில் தந்தவேலை செய்யும் கைவினைஞர் ஒருவர், வேண்டிய பிக்குகளுக்கு ஊசிக்கலம் செய்து தருவதாக முன்வந்தார். பிக்குகள் அளவின்றிக் கேட்க, அவர் வேறு பொருள் செய்து விற்க நேரமின்றிப் பிழைப்பிழந்தார், மனைவி மக்களும் வருந்தினர். எலும்பு, தந்தம், கொம்பு ஆகியவற்றாலான ஊசிக்கலத்தைச் செய்வித்த பிக்கு அதை உடைத்துவிட்டுத்தான் குற்றத்தை அறிக்கையிட வேண்டும் என்னும் விதி இதிலிருந்து பிறந்தது. ஆனால் அதே எலும்பாலும் தந்தத்தாலும் விரலுறை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. எனவே குற்றம் தந்தத்தில் இல்லை. கேட்பவரின் ஆசை செய்பவரின் வாழ்வை உண்டதில்தான் இருந்தது. கைவினைப் பொருளை விரும்பிக் கேட்பவர்கள் அதன் பின்னுள்ள உழைப்பு நேரத்தை விலையில்லாததாக எண்ணும் வழக்கம் இன்றும் மறையவில்லை என்பதால், இவ்விதி பழங்கதையாகப் படிக்கப்பட வேண்டியதன்று.

பழைய பொருளின் நீண்ட வாழ்வை விளக்கும் இன்னொரு நிகழ்ச்சி கோசம்பியில் நடந்ததாகச் சுள்ளவக்கம் கூறுகிறது. தமிழில் பெருங்கதையின் தலைவனாக அறியப்படும் உதயண மன்னனின் மனைவியர் ஆனந்தருக்கு 500 மேலாடைகளை வழங்க, ஒரு துறவி இத்தனை துணியை என்ன செய்வார் என்று மன்னன் வினவுகிறான். சீவரம் நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்கிறார் ஆனந்தர். அந்தப் பழைய சீவரங்கள் விரிப்பாகும், பழைய விரிப்பு மெத்தை உறையாகும், பழைய உறை தரைவிரிப்பாகும், அது கால்மிதியாகும், கால்மிதி தூசி தட்டும் துணியாகும், அதுவும் நைந்தபின் இடித்துக் களிமண்ணில் குழைத்துத் தரை மெழுகப் பயன்படும். நிறைவடைந்த மன்னன் மேலும் 500 துணிகளை வழங்குகிறான். கொடுத்த பொருள் கடைசி இழை வரை பயன்படும் என்னும் உறுதியே அவனை மீண்டும் கொடுக்கத் தூண்டியது.

இவற்றைக் கொண்டு, கந்தையே உயர்ந்தது, புதுத்துணி தாழ்ந்தது என்று முடிவுகட்டுவது பிழையாகும். உஜ்ஜயினி மன்னன் தமக்கு அனுப்பிய விலையுயர்ந்த துணியை மருத்துவர் ஜீவகர் அளித்தபோது புத்தர் அதை ஏற்று, இல்லறத்தார் தரும் ஆடைகளையும் பிக்குகள் ஏற்கலாம் என்று இசைந்தார். எல்லாப் பிக்குகளும் வாழ்நாள் முழுதும் பாம்சுகூலமே அணிய வேண்டுமென்று தேவதத்தர் என்னும் பிக்கு வற்புறுத்தியபோது புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்தார். எளிமையைப் பிறர்மேல் சுமத்தினால் அதுவும் ஒருவகைச் செருக்காகிவிடும். 13ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் துறவி தோகென் இதை இன்னும் கூர்மையாக்கினார்: கைவிடப்பட்ட துணி பட்டா பருத்தியா என்று ஆராய்வதே தவறு, பாம்சுகூலமாகிவிட்டால் அது பட்டுமன்று, பருத்தியுமன்று என்பது அவர் நிலைப்பாடு. பொருளின் பழைய பெயர் நீங்கிவிடுகிறது என்னும் இக்கருத்து வலுவானது. ஆனால் நாரா நகரத்துச் சோசோயின் கருவூலத்தில் காக்கப்படும் 8ஆம் நூற்றாண்டுச் சோமு பேரரசரின் துறவாடை, ஒட்டுத்துணியின் தோற்றம் தருமாறு பட்டுத் துண்டுகளை இணைத்துத் தைக்கப்பட்டது; அதன் அழகு ஐயமற்றது எனினும், கந்தையின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கைவிடுதலை விட்டுவிடும் போக்கின் தொடக்கத்தை அதில் காண்பது தவறாகாது.

மரபு இன்றும் வாழும் இடங்களில் கொடுக்கும் முறையே பாடமாக நிற்கிறது. தாய்லாந்தில் காட்டுத்துணி எனப்படும் கொடையில் சீவரத் துணியை மரக்கிளையில் தொங்கவிட, பிக்கு அதை உரியவரற்ற பொருளாக எடுத்துக்கொள்கிறார். இலங்கையில் கார்காலத் தங்கலுக்குப் பின் நிகழும் கட்டினப் பூசையில் அளிக்கப்படும் துணி அன்றைய நாளுக்குள்ளேயே வெட்டித் தைத்துச் சாயமேற்றி முடிக்கப்பட வேண்டும். துறவியர் சங்கம் அதைச் சீவரம் நைந்த ஒரு பிக்குவுக்கு வழங்குகிறது. துறவு வாழ்வுக்கு வெளியே, வங்காளப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைக்கும் காந்தா விரிப்பு பிறந்த குழந்தைக்கும் மணமக்களுக்கும் பரிசாகிறது. தமிழ் வீடுகளில் குழந்தையின் தூளிக்குப் புதுத்துணியை விட்டுப் பழஞ்சேலையைத் தேர்வதும் இதே அறிவின் பாற்பட்டது. பலமுறை துவைத்து மென்மையான நூல், கடையில் வாங்க முடியாத ஒரு தகுதியைப் பெற்றிருக்கிறது.

இவ்வளவும் காட்டுவது, கைவிடுதலும் கொடுத்தலும் இரு வேறு செயல்களாக நின்று, அவற்றுக்கிடையே ஒரு கையின் உழைப்பும் பெறுபவரின் தேவையைப் பற்றிய அறிவும் இருக்குமானால் பழம்பொருள் முழுமையான கொடையாகிறது என்பதே. பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கிய தகரப் பெட்டியும், வெட்டிய சட்டைத் துண்டும், காலியான கண்ணாடிப் புட்டியும் இந்த விதிக்கு விலக்கல்ல. ஆகவே இவற்றால் அன்பளிப்புச் செய்ய முனைவோர், பெறுபவரிடம் உண்மையில் ஊசி இருக்கிறதா, அது எங்கே தொலைகிறது என்று அறிந்த பின்னரே ஊசிப்பெட்டி செய்யத் தொடங்க வேண்டும். கொடுத்த பின்னர், அதைச் செய்தவர் தாம் என்பதைப் பெற்றவர் நினைவில் வைத்திருக்க வேண்டுமென்று எதிர்பாராதிருக்க வேண்டும்.