மார்த்தாளின் முறைப்பாடு

சேசுநாதருக்குள் மிகவும் பிரியமான பங்குக் குடும்பத்தாரே,

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 10-ம் அதிகாரத்திலே, ஆண்டவர் மார்த்தாளின் வீட்டுக்கு எழுந்தருளியதை வாசிக்கிறோம். உபசரிப்பு வேலையில் கலங்கிய மார்த்தாள், அவரிடமே முறையிட்டாள். வேலை அதிகம் என்றா? அல்ல. சகோதரி தன்னைத் தனியே விட்டுவிட்டாளே என்றுதான். ஆண்டவரும் அவள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. அவளைத் தின்றுகொண்டிருந்த கவலையையே சுட்டிக்காட்டினார்.

நம் பங்கிலும் மார்த்தாள்கள் உண்டு. ஒருத்தி விடியுமுன் சோறு வடித்து, பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறாள். நாளெல்லாம் நின்று உழைத்துத் திரும்பினால், காலையில் போட்ட பாத்திரம் அப்படியே கிடக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பழிச்சொல்லும் அவளுக்கே. இன்னொருத்திக்கு வீடே உலகம். அடுப்பு, மாடு, தண்ணீர், படுக்கையில் கிடக்கும் மாமியார். விடுமுறை என்பதே இல்லை. ஆயினும் "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்கிறோம். பத்து ரூபாய்க்கும் அவள் கையேந்த வேண்டும். இவள் அவளைக் கொடுத்துவைத்தவள் என்கிறாள். அவளும் இவளை அப்படியே எண்ணுகிறாள். இருவரையும் வாட்டும் நோய் ஒன்றே: தனியே விடப்படுதல்.

2024-ம் ஆண்டு மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷமும், ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுகிறார்கள். அவ்வேலையைத் தொடாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவேயில்லை! 2023 செப்டம்பர் 15-ம் தேதி நம் காஞ்சீபுரத்தில் மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் தொடங்கியபோது, அதற்கு "உதவி" என்றல்ல, "உரிமைத் தொகை" என்றே பெயரிட்டார்கள்.

ஆகையால் புருஷர்களே, வீட்டு வேலையில் கைகொடுப்பது மனைவிக்குச் செய்யும் உபகாரம் அல்ல, நீதிக்கடன். கிறிஸ்துநாதர் திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் மனைவியை நேசிக்க வேண்டும் என்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதினார். கையளிப்பு சமையலறை வாசலில் நின்றுவிடலாமா?

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளிலேயே, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று ஊர் வேலையைப் பங்கிட்டார்கள். ஊருக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்யக்கூடாதா? இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் அனைவரும் உட்கார்ந்து, தண்ணீர் யார், பாத்திரம் யார், பெரியவர்களுக்கு மருந்து யார் என்று பேசி முடியுங்கள். மகனுக்கும் பங்கு கொடுங்கள். மகளுக்கு மட்டும் அல்ல.

தாய்மார்களே, மார்த்தாள் மனத்தில் வைத்துப் புழுங்காமல் வாய்விட்டுச் சொன்னாள். நீங்களும் சொல்லுங்கள். தூக்கமின்மையும் காரணமற்ற அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.

உங்கள் பங்குச் சுவாமி